'ரன்' என்ற ஆங்கில வினைக்கு எத்தனை பொருள்? வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கரும்பலகை:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'ரன்' என்றால் 'ஓடு' என்று தொடக்கப் பள்ளியிலேயே அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. இப்போது ஒரு பயிற்சிப் பத்தியைக் கொடுத்தேன். அதில் ஒரு பெண்மணி உணவகம் 'ரன்' செய்கிறார். அவர் ஊர் நடுவே ஓர் ஓடை 'ரன்' ஆகிறது. கடைசியில் அவருடைய பணம் 'ரன் அவுட்' ஆகிறது. ஓடை மட்டும் எல்லோருக்கும் சரியாக வந்தது. மற்ற இரண்டையும் 'பெண்மணி உணவகத்தை ஓடுகிறாள்', 'பணம் வெளியே ஓடியது' என்று எழுதினார்கள். கிரிக்கெட் பார்க்கும் ஒரு பையன் 'பணம் ஆட்டமிழந்தது' என்று எழுதியிருந்தான். அவனுக்குத் தெரிந்த 'ரன் அவுட்' அதுதான். கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் பிள்ளைகள் எழுதுகிறார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் கேள்வி இதுதான். இந்த வினைக்கு ஒரே ஓர் அடிப்படைப் பொருளைச் சொல்லி, மற்றவை எல்லாவற்றையும் அதிலிருந்து விளக்க முடியுமா? அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் படிக்க வைக்க வேண்டுமா? அகராதியைப் பிரித்தால் பட்டியல் முடிவதே இல்லை. அதை அப்படியே பிள்ளைகள் முன்னால் வைக்க மனம் வரவில்லை.

தேர்வுக்களம்:

ஆசிரியைக்கு வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நான் செய்வது பட்டியல் மனப்பாடம்தான். 'ரன் அவே', 'ரன் டவுன்', 'ரன் ஓவர்' என்று வழிகாட்டி நூலில் வரிசையாக இருக்கும், எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பொருள் இருக்கும். தேர்வில் அது கைகொடுப்பதில்லை. 'ரன் ஓவர்' என்றால் 'வண்டி ஏறுதல்' என்று படித்துவிட்டுப் போனால், வினாத்தாளில் ஒரு கூட்டம் அரை மணி நேரம் 'ரன் ஓவர்' ஆகியிருக்கும். வேறு வழி இருந்தால் எனக்கும் வேண்டும்.

வேர்ச்சொல்:

அம்மா, நல்ல கேள்வி. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அகராதியைப் பார்த்து மலைப்பது உங்கள் பிள்ளைகள் மட்டுமில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில் இந்த வகை வினைகளைப் பெயர் சொல்லிப் புலம்பியிருக்கிறார். 'கம்', 'கெட்', 'கிவ்', 'புட்', 'செட்', 'டேக்' என்று போகும் அந்த வரிசையில் 'ரன்'னும் உண்டு. மொழி உயிரோடு இருக்கும்வரை இவை மணிக்கு மணி இடம் மாறிக்கொண்டே இருக்கும், புயலில் ஆடும் சோலையை நீரில் தெரியும் அதன் நிழலைப் பார்த்துத் துல்லியமாக வரைய முடியுமா என்பது அவர் வாதம்.

ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884-இல் வந்தது, முதல் பதிப்பு 1928-இல் நிறைவடைந்தது. அதில் மிக நீண்ட பதிவு 'செட்'. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவே முதலிடம். மூன்றாம் பதிப்புக்காகப் பதிவுகளைத் திருத்தத் தொடங்கிய பிறகு வரிசை மாறியது. 2000-இல் 'மேக்', 2007-இல் 'புட்', 2011-இல் 'ரன்' என்று மிக நீண்ட பதிவு என்ற இடம் கைமாறியது. 'ரன்' வினையாக மட்டும் 645 பொருள்களோடு நிற்கிறது. பெயர்ச்சொல்லாக வருவதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதம் இந்த ஒரு வினையோடு உட்கார்ந்திருந்தார்.

இது இப்படிப் பெருத்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலம் ஆலைகளின் காலத்தையும் ரயில் காலத்தையும் கணினிக் காலத்தையும் அடுத்தடுத்துக் கடந்த மொழி. கப்பல் காற்றோடு 'ரன்' ஆனது. பிறகு ஆலை 'ரன்' ஆனது, ரயில் 'ரன்' ஆனது, மென்பொருளும் 'ரன்' ஆகிறது. புதிய இயந்திரம் வரும்போதெல்லாம் அது வேலை செய்வதைச் சொல்ல ஆங்கிலேயர் புதுச்சொல் தேடாமல் கையிலிருந்த இந்த வினையையே எடுத்துக்கொண்டார்கள்.

இனி உங்கள் உணவகத்துக்கு வருகிறேன். 'உணவகத்தை ஓடுகிறாள்' என்று பிள்ளைகள் எழுதியதற்கு ஓர் இலக்கணக் காரணம் இருக்கிறது, அதை அவர்களுக்கே சொல்லலாம். தமிழில் 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. வடிவமே வேறு. பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருந்தது. 'இர்னன்' என்றால் தானே ஓடுவது, 'ஆர்னன்' என்றால் ஓடச் செய்வது. ஸ்காண்டிநேவியர்கள் வந்து குடியேறியபோது அவர்களுடைய மொழியின் இணைச்சொற்களும் கலந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றாகி 'ரன்' என்ற ஒரே வடிவத்தில் முடிந்தன. ஓடுவதும் அதுவே, ஓட்டுவதும் அதுவே.

வேறு சில வினைகளில் அந்தப் பழைய இணை இன்னும் பிழைத்திருக்கிறது. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'ஃபால்' விழு, 'ஃபெல்' வீழ்த்து. மரம் வெட்டுவோர் இந்தக் கடைசிச் சொல்லை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 'விழு, வீழ்த்து' தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட எளிதாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது.

ஆகவே என் பதில், அடிப்படைப் பொருள் ஒன்று இருக்கிறது என்பதுதான். 'தடையில்லாமல் தொடர்ந்து போவது'. கால் போனால் ஓட்டம். நீர் போனால் ஒழுக்கு. இயந்திரம் போனால் இயக்கம். சாலையும் வேலியும் ஒரு திசையில் நீண்டு போகின்றன. குத்தகையும் ஒப்பந்தமும் காலத்தில் நீண்டு போகின்றன. இவற்றில் எதையும் யாராவது போக வைத்தால் அதுவும் 'ரன்'.

பனங்கூடல்:

வேர்ச்சொல் ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர் வழக்கு நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் 'கார் ஓடத் தெரியுமா?' என்றுதான் கேட்போம். 'சைக்கிள் ஓடப் பழகினான்', 'அவர் பஸ் ஓடுகிறவர்' என்போம். தமிழ்நாட்டு உறவினர்கள் முதன்முதலில் கேட்கும்போது 'கார் தானே ஓடும், நீங்கள் எப்படி ஓடுவீர்கள்?' என்று வியப்பார்கள். எங்களுக்கு அது இயல்பான பேச்சு. ஓடுவதையும் ஓட்டுவதையும் ஒரே வடிவில் சொல்லும் பழக்கம் தமிழுக்குள்ளேயே ஒரு பகுதியில் இருக்கிறது என்பதை ஆசிரியை வகுப்பில் சொல்லலாம். ஆங்கிலம் செய்வது அப்படியொன்றும் விசித்திரம் இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

ஆனால் எங்களிடமும் கடையை 'ஓடுவது' கிடையாது. கடையை நடத்துவோம்.

செய்திமேசை:

நாளிதழில் மொழிபெயர்ப்பு என் வேலை. வேர்ச்சொல் ஐயாவின் வரலாறு அருமை, அதில் எனக்கு மறுப்பில்லை. முடிவில் மட்டும் மாறுபடுகிறேன். 'தடையில்லாமல் தொடர்ந்து போவது' என்பது எல்லாப் பொருளையும் தெரிந்துகொண்ட பிறகு திரும்பிப் பார்த்து இடும் பெயர். தெரியாதவனுக்கு அது வழிகாட்டாது. அதை மட்டும் கையில் கொடுத்து 'ரன் இன்டு' என்பதற்குப் பொருள் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வண்டி மரத்தில் 'ரன் இன்டு' என்றால் மோதியது. பழைய நண்பரிடம் 'ரன் இன்டு' என்றால் தற்செயலாகப் பார்த்தது. செலவு கோடிகளுக்குள் 'ரன் இன்டு' என்றால் கோடிக்கணக்கில் போகிறது. திட்டம் சிக்கலுக்குள் 'ரன் இன்டு' என்றால் சிக்கலில் மாட்டிக்கொண்டது. எது எது என்று தெரிந்துகொள்ள மரம், நண்பர், கோடி, சிக்கல் என்ற சொற்களைத்தான் பார்த்தாக வேண்டும்.

என் மேசைக்கு வருகிறவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்கர் அதிபர் பதவிக்கு 'ரன்' செய்வார். பிரிட்டனில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்வார், அதாவது நிற்பார். நாமும் தேர்தலில் 'நிற்கிறோம்'. இந்திய ஆங்கில நாளிதழ்கள் இரண்டையும் அதிகம் எழுதாமல் 'கன்டெஸ்ட்' என்று எழுதுகின்றன. மூன்றும் ஒரே செயல். 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று எழுதிய பிரதி வந்தால் திருத்திக் கொடுத்துவிடுவேன், அதில் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து நீதிமன்றச் செய்திகளில் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு குற்றங்களுக்கும் தலா 7 ஆண்டு சிறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டனைகளும் 'ரன் கன்கரன்ட்லி' என்று தீர்ப்பு சொன்னால் அவர் இருக்கப்போவது 7 ஆண்டு. 'ரன் கன்செகுடிவ்லி' என்றால் 14 ஆண்டு. தமிழ் நாளிதழ்கள் முதலாவதை 'ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று எழுதும், இரண்டாவதை 'ஒன்றன்பின் ஒன்றாக' என்று எழுதும். தண்டனையைத் தமிழில் ஒருவர் 'அனுபவிக்கிறார்', ஆங்கிலத்தில் தண்டனையே போய்க்கொண்டிருக்கிறது. எழுவாயே மாறிவிடுகிறது. 'ரன்' என்பதற்கு எந்தத் தமிழ் வினை சரி என்று தேடிக்கொண்டிருந்தால் இந்த வாக்கியம் வராது. சட்டத்தில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று வங்கி. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலிருந்து வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள், மறுநாள் வங்கி மூடப்பட்டது. ஆங்கிலச் செய்திகள் எல்லாம் இதை 'ரன்' என்று குறிப்பிட்டன. அங்கே ஓடியது வங்கியுமில்லை, வங்கியை நடத்தியவர்களும் இல்லை. பணம் போட்டவர்கள் ஒரே நேரத்தில் பாய்ந்து எடுத்ததுதான் அந்தப் பெயர்ச்சொல். 'வைப்புதாரர்கள் முண்டியடித்துப் பணத்தைத் திரும்பப் பெற்றனர்' என்று நீட்டித்தான் எழுத முடியும்.

ஆகவே என் யோசனை: தனிச்சொல்லாக 'ரன்'னைக் கற்பிக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் சொல்லோடு சேர்த்து, முழு வாக்கியமாகக் கற்பியுங்கள்.

நிரல்:

எங்கள் துறையில் எல்லாமே 'ரன்' என்பதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். நிரலை 'ரன்' செய்வோம், சோதனையை 'ரன்' செய்வோம், வினவலை 'ரன்' செய்வோம். தமிழில் முறையே இயக்குகிறோம், நடத்துகிறோம், செலுத்துகிறோம். சக ஊழியர் ஒரு யோசனையை உங்களிடம் 'ரன் பை' செய்ய விரும்புகிறார் என்று அமெரிக்க மேலாளர் எழுதினால், சொல்லிப் பார்த்துக் கருத்துக் கேட்கப்போகிறார் என்று பொருள். இந்தியாவிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது பிடிபடச் சில காலம் ஆகும்.

இந்திய ஆங்கிலத்தில் ஒரு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சளி பிடித்தால் நாம் 'ரன்னிங் நோஸ்' என்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'ரன்னி நோஸ்'. தமிழில் மூக்கு ஒழுகுகிறது. அந்த மூக்கை ஓட விடாமல் ஒழுக விடும் தமிழ் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தேர்வுக்களம்:

செய்திமேசை அண்ணா சொல்வது எனக்குப் பொருந்துகிறது. ஆனால் வாக்கியங்கள் முடிவில்லாதவை ஆயிற்றே? ஐநூறு வாக்கியம் படித்தாலும் தேர்வில் ஐநூற்றொன்றாவது வரும். அப்போது ஊகிக்க ஏதாவது பிடிமானம் வேண்டாமா?

வேர்ச்சொல்:

தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. செய்திமேசை நண்பர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். 'ரன் இன்டு' பற்றிய அவருடைய எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மாற்று இல்லை. ஆனால் அவர் சொல்லும் வழியை நம் இலக்கணம் முன்பே வகுத்துக் கொடுத்திருக்கிறது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் 'பலபொருள் ஒருசொல்' பற்றிப் பேசுகிறது. அப்படிப்பட்ட சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்கிறது. உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக்காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மரம் என்று வினையே காட்டிவிடும். அங்கே பெயர்ச்சொல்லின் ஐயத்தை வினை தீர்க்கிறது. இங்கே நமக்கு ஐயமே வினையில் என்பதால் திசையைத் திருப்பிக்கொள்வோம். எழுவாயையும் செயப்படுபொருளையும் பார்க்க வேண்டும். அடுத்து இனம், அதாவது கூட வரும் தொடர்புள்ள சொற்களைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சார்பு, அதாவது இடமும் சூழலும்.

முதல் கேள்வி: 'ரன்'னுக்குப் பிறகு செயப்படுபொருள் நேராக வருகிறதா? வந்தால் பெரும்பாலும் 'ஓட்டு, நடத்து, இயக்கு' பக்கம் போகலாம். உணவகம், பள்ளி, சோதனை, நிரல் எல்லாம் இதில் அடங்கும். செய்தித்தாள் ஒரு கட்டுரையை 'ரன்' செய்தால் வெளியிடுகிறது. 'ரிஸ்க்', 'ஃபீவர்' போன்றவை மட்டும் தனியாக நிற்கும்.

செயப்படுபொருள் இல்லையென்றால் எழுவாயைப் பாருங்கள். உயிருள்ளதா, நீர்மமா, இயந்திரமா, நீண்டு கிடப்பதா, காலமா? நான் முன்னே சொன்ன அடிப்படைப் பொருள் உதவுவது இந்த இடத்தில்தான்.

'இன்டு', 'ஓவர்', 'அவுட் ஆஃப்' போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் செய்திமேசை நண்பர் வழிக்குப் போய்விடுங்கள். அங்கே ஊகம் சில சமயம் கவிழ்த்துவிடும்.

இதோடு, தமிழ் எங்கெல்லாம் ஆங்கிலத்தோடு சேர்ந்து ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்கள் பயம் பாதி குறையும். வேலைநிறுத்தம் என்றால் பஸ்கள் ஓடவில்லை என்று எழுதுகிறோம், ஆங்கிலத்திலும் அதே வினை. படம் நூறு நாள் ஓடியது, அங்கும் அதே வினை. சாலை ஆற்றையொட்டி ஓடுகிறது, அங்கும் அப்படியே.

பிரியும் இடம் நிர்வாகம். ஆங்கிலம் நிறுவனத்தை ஓட வைக்கிறது, தமிழ் அதை நடக்க வைக்கிறது. 'நட' என்பதன் பிறவினைதான் 'நடத்து'. பள்ளி நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், நாளிதழ் நடத்துகிறோம். நாம் 'ஓட்டு' என்று சொன்னால் தொனியே மாறிவிடும். 'எப்படியோ குடும்பத்தை ஓட்டுகிறேன்' என்கிறவர் சிரமத்தில் இருக்கிறார். 'மாதத்தை ஓட்டுகிறேன்' என்பதும் அதுதான். ஆங்கில 'ரன்'னுக்கு அந்தச் சிரமச் சாயல் கிடையாது. ஆகவே 'அவர் ஒரு தொழிற்சாலையை ரன் செய்கிறார்' என்ற வாக்கியத்தைத் 'தொழிற்சாலையை ஓட்டுகிறார்' என்று பெயர்த்தால், நன்றாக இருக்கும் முதலாளியை நலிந்தவராக்கிவிடுவோம்.

செய்திமேசை:

இதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். 'ஓட்டு' பற்றிச் சொன்ன கடைசிப் பத்தியைப் புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் காட்டப்போகிறேன்.

தேர்வுக்களம் தம்பிக்கு இன்னொரு வகை. 'ரன்'னுக்குப் பின்னால் பண்பைக் குறிக்கும் சொல் வந்தால், 'அந்த நிலைக்குப் போகிறது' அல்லது 'அந்த நிலையில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு 'ரன் டிரை' என்றால் வற்றிப்போகிறது. கையிருப்பு 'ரன் லோ' என்றால் குறைந்துகொண்டே வருகிறது. ரயில் 'ரன் லேட்' என்றால் தாமதமாக வருகிறது. உணர்ச்சிகள் 'ரன் ஹை' என்றால் கொந்தளிக்கின்றன. இதில் ஊகம் பெரும்பாலும் தப்பாது.

நீங்கள் சொன்ன கூட்டம் 'ரன் ஓவர்' ஆனதற்கும் இதே முறையைப் போட்டுப் பாருங்கள். எழுவாய் கூட்டம், அதற்குச் சக்கரம் இல்லை, யார்மீதும் ஏற முடியாது. பக்கத்தில் அரை மணி நேரம் என்ற அளவு நிற்கிறது. குறித்த நேரத்தைத் தாண்டிப் போயிருக்கிறது என்பது தெளிவு.

பனங்கூடல்:

ஆசிரியைக்கு ஒரு யோசனை. 'ரன்'னைத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் 'அடி' என்ற தமிழ் வினையைக் கொடுத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், கோயிலில் மொட்டை அடிக்கிறார்கள், காய்ச்சல் அடிக்கிறது, அழைப்பிதழ் அடிக்கிறார்கள். யாரும் யாரையும் கைநீட்டி அடிக்கவில்லை. தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்கு இதை எப்படி விளக்குவீர்கள் என்று கேளுங்கள். அவர்களே வெயில், மணி, சுவர் என்று பக்கத்துச் சொல்லைச் சுட்டிக்காட்டுவார்கள்.

கரும்பலகை:

எல்லோருக்கும் நன்றி. பனங்கூடல் சொன்னதை இன்று வகுப்பில் செய்து பார்த்தேன். பலகை நிறைந்துவிட்டது. என் நினைவுக்கே வராத 'சாரல் அடிக்கிறது', 'கூடாரம் அடித்தார்கள்' எல்லாம் வந்தன. அதன் பிறகு அதே பயிற்சிப் பத்தியைத் திரும்பக் கொடுத்து, எழுவாய்க்குக் கீழே ஒரு கோடும் செயப்படுபொருளுக்குக் கீழே இரண்டு கோடும் போடச் சொன்னேன். 'உணவகம்' என்பதற்கு இரண்டு கோடு போட்ட உடனேயே பலர் 'நடத்துகிறார்' என்று எழுதிவிட்டார்கள். 'பணம் தீர்ந்துவிட்டது' என்பதற்கு மட்டும் நான் உதவ வேண்டியிருந்தது. அது ஒட்டுச்சொல் வகை என்பதால் எதிர்பார்த்ததுதான்.

ஒரு மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். துணியின் சாயம் 'ரன்' ஆகிறது என்பதும் காலுறை 'ரன்' ஆகிறது என்பதும் ஒன்றா?

வேர்ச்சொல்:

இரண்டும் வேறு. சாயம் நீர்ம வகை, துவைக்கும்போது கரைந்து பக்கத்துத் துணிக்குப் பரவுகிறது. நாம் 'சாயம் போகிறது' என்போம். காலுறையில் ஓர் இழை அறுந்து, பின்னல் வரிசையாக மேலிருந்து கீழே பிரிந்துகொண்டே போவது இரண்டாவது. அது கோடாக நீளும் வகை. அமெரிக்காவில்தான் அதை 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் 'லாடர்', அதாவது ஏணி. பிரிந்த இடத்தில் குறுக்கிழைகள் ஏணிப்படி போலத் தெரிவதால் வந்த பெயர். மாணவி எழுவாயைப் பார்த்துத்தான் ஐயப்பட்டிருக்கிறாள், சரியான இடத்தில் நின்றிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

தேர்வுக்களம்:

கடைசியாக ஒன்று. 'த்ரீ டேஸ் ரன்னிங்' என்று ஒரு வினாவில் பார்த்தேன். மூன்று நாள் ஓடிக்கொண்டே இருந்தார் என்றா பொருள்?

நிரல்:

இல்லை. 'தொடர்ந்து மூன்று நாள்' என்று பொருள். அங்கே 'ரன்னிங்' வினையாக நிற்கவில்லை, கால அளவுக்குப் பின்னால் வந்து 'இடைவிடாமல்' என்ற பொருளைத் தருகிறது. மூன்று ஆண்டு, ஐந்து ஆட்டம், இரண்டு வாரம் என்று எதற்குப் பின்னாலும் வரும். எண்ணும் அளவும் முன்னால் நின்றால் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.